உங்களுக்குத் தெரியுமா? மௌனச் சாமியார்கள் கட்டிய மகா கில்லாடி ஊர்!

வாஷிங்டனிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். வர்ஜீனியா மாநிலம், லவுடன் கவுண்டி. ஓர் ஓடை, ஒரு பழைய மாவு மில், நாலைந்து தெரு. அவ்வளவுதான் வாட்டர்ஃபோர்டு! காரில் போனால் கண் மூடித் திறப்பதற்குள் ஊர் முடிந்துவிடும். ஆனால் தோண்டத் தோண்ட எத்தனை சரக்கு தெரியுமா? வாங்க, ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிறேன். கொஞ்சம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்!

ஊரை உண்டாக்கியவர்கள் குவேக்கர்கள். கிறிஸ்தவர்கள்தான். ஆனால் பாதிரியார் கிடையாது. பாட்டு கிடையாது. பலிபீடம் கிடையாது. மணி கூடக் கிடையாது! பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து மௌனமாக இருப்பார்கள். யாருக்காவது மனதுக்குள் ஏதாவது தோன்றினால் எழுந்து நின்று பேசலாம். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றாவிட்டால்? வந்த மாதிரியே எழுந்து வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அன்றைய வழிபாடு முடிந்தது!

1733 வாக்கில் முதலில் வந்து இறங்கியவர் ஏமஸ் ஜேனி. பென்சில்வேனியாவிலிருந்து குடும்பத்தோடு வந்தார். நிலம் அளக்கத் தெரிந்த மனிதர். அந்த வட்டாரத்து நிலமெல்லாம் அப்போது யார் கையில் இருந்தது? லார்டு ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஒரே ஒரு ஆங்கிலேயப் பிரபுவின் கையில். எவ்வளவு? 50 லட்சம் ஏக்கருக்கும் மேல்!

ஊருக்கு முதலில் என்ன பெயர் வைத்தார்கள்? ‘ஜேனியின் மில்’! மில் இருந்தது. ஜேனி இருந்தார். அதற்கு மேல் யோசிக்க யாரும் மெனக்கெடவில்லை! வாட்டர்ஃபோர்டு என்ற பெயர் 1780களில்தான் வந்தது. அயர்லாந்திலுள்ள வாட்டர்ஃபோர்டிலிருந்து வந்த ஒரு செருப்புத் தொழிலாளி, தன் சொந்த ஊர்ப் பெயரையே வைக்கச் சொன்னார் என்கிறது ஊர்க்கதை. பிரபு பெயர் இல்லை, ராஜா பெயர் இல்லை. செருப்பு தைத்தவர் சொன்ன பெயர்!

1741இல் வழிபாட்டுக்கு மரக்கட்டையால் ஒரு சின்னக் கூடம். 1761இல் அதையே கல்லில் கட்டினார்கள். பெயர் ‘ஃபேர்ஃபாக்ஸ் மீட்டிங்’. ஆனால் போய்ப் பாருங்கள், அது ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியிலேயே இல்லை! 1757இல் கவுண்டியைப் பிரித்து லவுடன் என்று புதிதாக ஒன்றை உண்டாக்கினார்கள். அரசாங்கம் மாற்றியது. குவேக்கர்கள் மாற்றவே இல்லை!

வாட்டர்ஃபோர்டு குவேக்கர் எழுதிய பழைய கடிதத்தில் ‘ஞாயிறு’ என்ற வார்த்தையைத் தேடாதீர்கள். கிடைக்காது! ஆங்கிலக் கிழமைப் பெயர்களெல்லாம் பழைய தெய்வங்களின் பெயர்கள் என்று ஒதுக்கிவிட்டார்கள். ஞாயிறா? ‘முதல் நாள்’. திங்களா? ‘இரண்டாம் நாள்’. மாதங்களுக்கும் அதே கதி. மே மாதம் என்றால் ‘ஐந்தாம் மாதம்’. எண்ணிலேயே குடும்பம் நடத்திய கூட்டம்!

கல்யாணம்? அதற்கும் பாதிரியார் இல்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் எழுந்து நின்று, தாங்களே வாக்குக் கொடுத்துக்கொள்வார்கள். பிறகு ஒரு பெரிய பத்திரத்தை விரிப்பார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் அதில் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். மொய் எழுதாமல் நழுவலாம், அங்கே கையெழுத்துப் போடாமல் நழுவ முடியாது!

ஆனால் குவேக்கர் அல்லாதவரைக் கட்டிக்கொண்டீர்களா? சபையிலிருந்து நீக்கம்! 1794இல் ஒரு இளம் விதவையை இப்படித்தான் நீக்கினார்கள். அவர் கட்டிக்கொண்டவர் ஜேம்ஸ் மேடிசன். அந்தப் பெண் டாலி மேடிசன். பின்னாளில் அமெரிக்காவின் முதல் பெண்மணி! மேடிசன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் குதிரை மேல் வரப்போகிறார்!

1776. அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் வெளியிட்ட வருடம். எல்லா மனிதரும் சமம் என்று அதில் எழுதிய ஜெஃபர்சன், சாகும்வரை அடிமைகளை வைத்திருந்தார். அதே 1776இல், அடிமை வைத்திருப்பவன் நம் சபையில் இருக்கக்கூடாது என்று முடிவெடுத்துவிட்டார்கள் பிலடெல்பியா குவேக்கர்கள். வாட்டர்ஃபோர்டு சபையும் அப்போது அவர்களின் கீழ்தான் இருந்தது. அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்தது 1865இல். கழித்துப் பாருங்கள், 89 வருடம் முன்னால்!

வெண்ணெயும் ஜனாதிபதியும்

உங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டு! 1760இல் லவுடனில் பிறந்த குவேக்கர் தாமஸ் மூர். பிறகு மேரிலாந்தில் புருக்வில் என்ற ஊர்ப் பக்கம் குடியேறி மாடு வளர்த்தார். வெண்ணெயை ஜார்ஜ்டவுன் சந்தைக்குக் கொண்டுபோகவேண்டும். 30 கிலோமீட்டருக்கும் மேல். கோடைக்காலம். போய்ச் சேர்வதற்குள் வெண்ணெய் குழம்பாகிவிடும்! என்ன செய்தார் மனிதர்? தேவதாரு மரத்தில் ஒரு தொட்டி. அதற்குள் ஒரு தகரப் பெட்டி. இரண்டுக்கும் நடுவில் ஐஸ்கட்டி. தொட்டியைச் சுற்றிப் போர்த்தியது என்ன தெரியுமா? முயல் தோல்!

சந்தையில் மற்றவர்கள் வெண்ணெயைக் கரண்டியில் அள்ளிக்கொண்டிருக்க, மூர் கெட்டிக் கட்டிகளாக எடுத்து வைத்தார். கூடுதல் விலை கொடுத்து வாங்கிப் போனார்கள்! 1803இல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். ‘ரெஃப்ரிஜிரேட்டர்’ என்று அந்தத் தொட்டிக்குப் பெயர் வைத்தவரே இவர்தான். அப்போதைய ஜனாதிபதி ஜெஃபர்சனும் ஒன்று வாங்கிக்கொண்டார். கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை. ஃபிரிட்ஜ் ரெடி!

அதோடு விட்டாரா? அமெரிக்க விவசாயிகள் மண்ணை மேலோட்டமாகக் கீறுகிறார்கள், ஆழ உழவேண்டும் என்று 1801இலேயே ஒரு புத்தகம் எழுதித் திட்டினார். 1806இல் அமெரிக்க அரசு தன் முதல் பெரிய நெடுஞ்சாலைக்கு வழி குறிக்க 3 கமிஷனர்களை நியமித்தது. அதில் ஒருவர் யார்? இதே வெண்ணெய்க்காரர்!

மூர் குடியேறிய புருக்வில்லும் குவேக்கர் ஊர்தான். 1794இல் ரிச்சர்ட் தாமஸ் என்ற குவேக்கர் நிறுவியது. இந்தப் பொடி ஊருக்கு ஒரு பட்டம் உண்டு. ‘ஒரு நாள் தலைநகரம்’! எந்த நாட்டுக்கு? அமெரிக்காவுக்கே!

1814 ஆகஸ்ட் 24. ஆங்கிலேயப் படை வாஷிங்டனுக்குள் புகுந்து வெள்ளை மாளிகைக்குத் தீ வைத்தது. ஜனாதிபதி மேடிசன் தப்பி, குதிரையிலேயே ஊர் ஊராக அலைந்தார். 26ஆம் தேதி மாலை புருக்வில் வந்து சேர்ந்தார். கேலப் பென்ட்லி என்ற குவேக்கர் வீட்டில் இடம் கிடைத்தது. அந்த வீட்டம்மா ஹென்ரியெட்டாவுக்கோ தர்மசங்கடம். போருக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்பது குவேக்கர் கொள்கை. ஆனால் வாசலில் வந்து நிற்பவனைத் திருப்பி அனுப்பும் வழக்கமும் கிடையாது! கூடத்தில் படுக்கை விரித்தார்கள். அடுப்பு அணையவே இல்லை. வீட்டைச் சுற்றிலும் காவல் வீரர்கள். மறுநாள் மேடிசன் வாஷிங்டன் திரும்பும்வரை, அமெரிக்க அரசாங்கம் நடந்தது அந்த வீட்டுக் கூடத்தில்!

இருங்கள், இதில் உச்சமே இனிமேல்தான். இந்தக் கேலப் பென்ட்லி யார்? வெள்ளித் தட்டானும் கடிகாரம் செய்பவரும். 1792இல் வெள்ளை மாளிகைக்கு அடிக்கல் நாட்டியபோது அதில் பதித்த பித்தளைத் தகட்டைச் செய்துகொடுத்தவரே அவர்தான்! அவர் தகடு பதித்த மாளிகை எரிந்ததும், அங்கே குடியிருந்தவர் நேராக அவர் வீட்டுக்கே வந்து படுத்தார். சினிமாவில் வைத்தால் நம்பமாட்டோம்!

அந்த அடிக்கல் இப்போது எங்கே இருக்கிறது? யாருக்கும் தெரியாது! வெள்ளை மாளிகையின் அடிக்கல்லை இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை!

அமெரிக்க செனட் சபையின் ஆவணங்களும் அதே நெருக்கடியில் வண்டியேறின. எங்கே போய்ப் பதுங்கின? அதே புருக்வில்! வழியில் சக்கரம் உடைந்து, வண்டி குடை சாய்ந்து, ஒரு தேசத்தின் ரகசியக் காகிதங்கள் ரோட்டோரம் கிடந்தன!

துப்பாக்கி தொடாத ஊரில் துப்பாக்கிச் சத்தம்

வாட்டர்ஃபோர்டுக்குத் திரும்புவோம். குவேக்கர் சபையில் ஓட்டெடுப்பே கிடையாது! எந்த விஷயமானாலும் எல்லாரும் ஒத்துப்போகும்வரை பேசுவார்கள், மௌனமாக இருப்பார்கள், மறுபடி பேசுவார்கள். ஆனால் 1861 மே மாதம் வேறு வழியில்லை. வர்ஜீனியா அமெரிக்காவிலிருந்து பிரியலாமா என்று அரசே ஓட்டுக் கேட்டது. லவுடன் கவுண்டி பிரியலாம் என்றது. மாநிலமே பிரியலாம் என்றது. வாட்டர்ஃபோர்டு? பிரியலாம் 31. பிரியக்கூடாது 220!

அன்று வர்ஜீனியாவில் ஓட்டை ரகசியமாகப் போட முடியாது. எல்லார் காதிலும் விழுகிற மாதிரி வாயால் சொல்லவேண்டும். மௌனத்துக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் சத்தம் போட்டே சொன்னார்கள். 220 தடவை!

உள்நாட்டுப் போர் வந்தது. பிரிந்துபோன தென்மாநிலங்களின் படை ஊருக்குள் வந்து, குவேக்கர்களின் வழிபாட்டுக் கூடத்திலேயே முகாம் போட்டது. ஆயுதமே தொடாதவர்களின் கூடத்தில் அடுக்கி வைத்திருந்தது அத்தனையும் துப்பாக்கி!

படையில் சேரமாட்டேன் என்ற குவேக்கருக்குத் தென்மாநில அரசு 1862இல் ஒரு சலுகை தந்தது. சும்மாவா தருவார்கள்? விலை 500 டாலர்!

ஊர் மில்காரர் சாமுவேல் மீன்ஸ். தென்பக்கம் சேர மறுத்தார். அவருடைய குதிரைகள், வண்டிகள், மாவு எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். பொடோமாக் ஆற்றைத் தாண்டி மேரிலாந்துக்கு ஓடினார். 1862இல் திரும்பி வந்தபோது தனியாக வரவில்லை. ‘லவுடன் ரேஞ்சர்ஸ்’ என்ற படையோடு வந்தார்! மாநிலமே ஒரு பக்கம் நிற்க, எதிர்ப்பக்கம் போய் நின்ற வர்ஜீனியாப் படை. மீன்ஸ் தலைக்கு எதிரிகள் வைத்த விலை 5,000 டாலர்!

1862 ஆகஸ்ட் 27, விடியாத நேரம். ரேஞ்சர்கள் முப்பது பேருக்கும் குறைவு. வாட்டர்ஃபோர்டு பாப்டிஸ்ட் சர்ச்சில் தங்கியிருந்தார்கள். எலைஜா ஒயிட்டின் தென்மாநிலக் குதிரைப்படை சுற்றி வளைத்தது. பெஞ்சுகளுக்குப் பின்னால் பதுங்கிச் சுட்டார்கள். சரணடையச் சொல்லி வெள்ளைக்கொடி வந்தது. அதைப் பிடித்து வந்தது யார்? சிப்பாய் இல்லை, எதிர்வீட்டு அம்மா! முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி துப்பாக்கிச் சூடு. தோட்டா தீரும் நிலைக்கு வந்த பிறகுதான் இறங்கி வந்தார்கள். அவர்களில் ஒரு லெப்டினன்ட்டின் உடம்பில் பாய்ந்த காயங்கள் 5!

சர்ச்சிலிருந்து வெளியே வந்தவர்களில் ஒருவர் சார்லஸ் ஸ்னூட்ஸ். வெளியே துப்பாக்கியோடு நின்றவர்களில் ஒருவர் வில்லியம் ஸ்னூட்ஸ். கூடப்பிறந்த அண்ணன் தம்பி! சரணடைந்த சார்லஸைச் சுட்டே தீருவேன் என்று வில்லியம் குதித்தார். அவருடைய அதிகாரிகளே இழுத்துப் பிடித்துத் தடுத்தார்கள். சர்ச்சின் செங்கல்லில் அன்றைய தோட்டாத் தழும்புகள் இன்றும் இருக்கின்றன. விரலை வைத்தே பார்க்கலாம்!

இனி எனக்கு ரொம்பப் பிடித்தது. மூன்று குவேக்கர் பெண்கள். சாரா ஸ்டீர், வயது 26. லிசி டட்டன், 24. அவள் தங்கை லைடா, 19. சுற்றிலும் எதிரி ராஜ்ஜியம். எதிரிப் படை வீரர்கள் எப்போது வேண்டுமானாலும் தெருவில் வந்து நிற்பார்கள். இந்த நிலையில் மூவரும் என்ன செய்தார்கள்? பத்திரிகை ஆரம்பித்தார்கள்! பெயர் ‘தி வாட்டர்ஃபோர்டு நியூஸ்’. 1864 மே மாதம் முதல் இதழ். தேதி எப்படிப் போட்டிருந்தார்கள் தெரியுமா? ‘ஐந்தாம் மாதம் 28’. உயிருக்கே ஆபத்து, ஆனாலும் குவேக்கர் காலண்டரை விடவில்லை!

ஊரில் அச்சகம் கிடையாது. கையெழுத்துப் பிரதி எதிரிகளின் கண்ணில் படாமல் ஆற்றைத் தாண்டவேண்டும். அங்கிருந்து பால்டிமோர் போய் அச்சாகவேண்டும். இப்படியே 8 இதழ்! விற்ற காசு எங்கே போனது? ஜனாதிபதி லிங்கனின் படையில் காயம்பட்ட வீரர்களுக்கு மருந்தும் துணியும் வாங்கிக்கொடுத்த அமைப்புக்கு!

அழுகைப் பத்திரிகை என்று நினைத்தீர்களா? நக்கலோ நக்கல்! தெருச் சேற்றைக் கிண்டல் அடித்தார்கள். ஊரில் கல்யாண வயதுப் பையனே மிச்சமில்லையே என்று அதையும் பத்தி பிரித்துப் புலம்பினார்கள். புலம்பல் வீண்போகவில்லை. போருக்குப் பிறகு லிசி, லைடா இருவருக்கும் லிங்கன் படையில் இருந்த மாப்பிள்ளைகளே அமைந்தார்கள்!

1864 நவம்பர் கடைசி. எதிரிகளின் கெரில்லாத் தலைவர் மாஸ்பிக்குச் சோறு கிடைக்கக்கூடாது என்று, லவுடன் பள்ளத்தாக்குக்கே தீ வைத்தது ஒரு படை. எந்தப் படை? இந்த ஊர் உயிரைக் கொடுத்து ஆதரித்த லிங்கன் படையேதான்! களஞ்சியங்கள், வைக்கோல் போர்கள், மில்கள் சாம்பலாயின. ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். விசுவாசி, துரோகி என்று பாகுபாடே இல்லை. 5 நாள் தீ!

அப்போது இரண்டு இளம் பெண்கள் அமெரிக்கக் கொடியோடு தெருவில் ஓடிவந்து, மாஸ்பி வராமல் இருப்பானென்றால் தாராளமாக எரியுங்கள் என்று சிப்பாய்களைப் பார்த்துக் கத்தினார்களாம். சொந்தக் களஞ்சியம் எரியும்போது! பத்திரிகையும் நின்றுவிடவில்லை. 1865 ஏப்ரல்வரை வந்தது!

பள்ளிக்கூடம் 75 டாலர்

போர் முடிந்த மறுவருடம். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் வாட்டர்ஃபோர்டில் ஒரு குவேக்கரிடம் மனை வாங்கினார்கள். விலை 75 டாலர். 1867இல் அதில் ஒரே ஒரு அறையோடு பள்ளிக்கூடம் எழுந்தது. முதல் டீச்சர் யார்? பத்திரிகை நடத்தினாளே, அதே சாரா ஸ்டீர்! பள்ளி நடந்தது 1957 வரை. ஒரே அறையில் 90 வருடம்!

இன்றும் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அங்கே ஒரு நாள் படிக்கப் போகிறார்கள். ஆனால் சொந்தப் பெயரில் போகமுடியாது! 1880இல் அங்கே படித்த நிஜக் குழந்தை ஒன்றின் பெயரை ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிடுவார்கள். நாள் முழுக்க அந்தக் குழந்தையாகவே இருக்கவேண்டும்!

ஊர் இத்தனை பழசாக மிஞ்சியது எப்படி? ரயில் வராததால்! தண்டவாளம் வேறு பக்கம் போனது. வியாபாரம் படுத்தது. புதுக் கட்டடம் கட்ட யாரிடமும் காசில்லை. இடிக்கவும் காசில்லை. 1929இல் குவேக்கர் கூடத்தையே மூடிவிட்டார்கள். இப்போது அது ஒருவருடைய வீடு!

1930களில் சேம்பர்லின் சகோதரர்கள் இருவர், சிதிலமான வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சரிசெய்ய ஆரம்பித்தார்கள். 1943இல் வாட்டர்ஃபோர்டு ஃபவுண்டேஷன் பிறந்தது. அடுத்த வருடமே கைவினைச் சந்தை. உலகப் போர் நடுவே தொடங்கிய சந்தைக்கு இன்றும் ஆயிரக்கணக்கில் கூட்டம்!

1970இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். ஒரு வீட்டையா? ஒரு தெருவையா? சுற்றியுள்ள வயல்வெளியோடு சேர்த்து மொத்தக் கிராமத்தையும்! பரப்பளவு 1,420 ஏக்கர். வயல் போனால் ஊரின் களையே போய்விடும் என்று 2003இல் 144 ஏக்கர் பண்ணை ஒன்றை ஃபவுண்டேஷனே விலைக்கு வாங்கிப்போட்டது. வீடு கட்டி விற்க இல்லை. ஒன்றுமே கட்டாமல் இருக்க!

இதே ஊரில் 1849இல் ஒரு தீ இன்ஷூரன்ஸ் கம்பெனி தொடங்கினார்கள். லவுடன் மியூச்சுவல். உள்நாட்டுப் போரைப் பார்த்தது, ஊரையே சுட்ட தீயைப் பார்த்தது. இன்னும் உயிரோடு இருக்கிறது!

இதே லவுடன் கவுண்டியின் கிழக்கு ஓரம் ஆஷ்பர்ன். நம்மூர் ஐ.டி. பிள்ளைகளுக்குப் பழக்கமான பெயர்தான். உலகிலேயே டேட்டா சென்டர்கள் மிக அதிகமாகக் குவிந்திருக்கும் இடம் அது. நீங்கள் அனுப்பும் மெசேஜ் அங்கே சுற்றிவிட்டு வந்திருக்கவும் கூடும். ஜேனியின் மில்லிலிருந்து அரை மணி நேரக் கார் பயணம்!

கடைசியாக ஒன்று. வாட்டர்ஃபோர்டுக்குத் தெற்கே, கூஸ் க்ரீக் என்று இன்னொரு குவேக்கர் கிராமம். லிங்கனை எதிர்த்துப் போரிட்ட மாநிலம் வர்ஜீனியா. அதன் தலைநகரம் ரிச்மண்டுதான் எதிரணிக்கே தலைநகரம். அந்த மாநிலத்துக்குள் இருந்துகொண்டு, போர் ஓய்ந்த சூட்டோடு இந்தக் குவேக்கர்கள் தங்கள் ஊர் போஸ்ட் ஆபீஸுக்கு ஒரு புதுப் பெயர் வைத்தார்கள். இன்றும் அந்த ஊருக்கு அதே பெயர்தான். என்ன பெயர்? லிங்கன்!